கெட்டிலில் தொடங்கி அணுக்கரு வரை: ஒரு ஜூல் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு ஆற்றல் வேண்டும்? ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 4,186 ஜூல் ஆகும். 80 டிகிரிக்கு ஏறக்குறைய 3,35,000 ஜூல். இதே ஆற்றலைக் கொண்டு அதே தண்ணீரை மேலே தூக்கினால் எவ்வளவு உயரம் போகும்? ஒரு கிலோவை ஒரு மீட்டர் தூக்க 9.8 ஜூல் போதும். வகுத்துப் பாருங்கள், 34 கிலோமீட்டர் வருகிறது. பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தைப்போல மூன்று மடங்கு.

முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ ஒரு சுழியம் கூடிவிட்டது என்றுதான் நினைத்தேன். கூடவில்லை. தூக்குவது, தள்ளுவது, ஓடுவது என்று நாம் உடலால் செய்யும் வேலையெல்லாம் ஜூல் கணக்கில் சில்லறை. வெப்பம்தான் பெரிய நோட்டு. பள்ளியில் இது கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், ஒரு சூத்திரம் வெப்பப் பாடத்தில் இருக்கிறது, மற்றது இயக்கப் பாடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. மின்சாரம் இன்னொரு பாடம், அணு அமைப்பு வேறொன்று, கதிரியக்கம் பெரும்பாலும் கடைசியில் அவசரமாக ஓட்டப்படும் பாடம். ஆனால் எந்தப் பாடத்தில் நின்றாலும் “இங்கே எத்தனை ஜூல் கைமாறுகிறது, எதிலிருந்து எதற்கு?” என்று கேட்டுக்கொண்டே போனால், எல்லாமே ஒரே கணக்குப் புத்தகத்தின் பக்கங்கள் என்று தெரிந்துவிடும்.

சக்தி என்ற சொல் செய்யும் குழப்பம்

பேச்சுவழக்கில் “சக்தி” எல்லாவற்றுக்கும் பொது. உடம்பில் சக்தி இல்லை, சக்தி வாய்ந்த மருந்து, சக்தி குறைந்த மோட்டார். இயற்பியலில் இது மூன்றாகப் பிரிகிறது. தள்ளலும் இழுப்பும் விசை, அளவு நியூட்டன். அந்த விசை ஒரு பொருளை நகர்த்தும்போது கைமாறும் தொகை ஆற்றல், அளவு ஜூல். அந்தத் தொகை வினாடிக்கு எவ்வளவு என்பது திறன், அளவு வாட். சில பாடநூல்களில் ஆற்றலுக்குச் சக்தி என்றும் திறனுக்கு வலு என்றும் இருக்கும். எதைப் படித்திருந்தாலும் பாதகமில்லை, மொத்தத் தொகை வேறு, அது கைமாறும் வேகம் வேறு என்பது நினைவிருந்தால் சரி.

2,000 வாட் கெட்டில் வினாடிக்கு 2,000 ஜூல் கொடுக்கும். நம் தண்ணீருக்கு 168 வினாடி, மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 1,000 வாட் கெட்டிலுக்கு இரு மடங்கு நேரம் ஆகும், தொகை மாறாது. நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி உண்ணும் ஒருவரை இதே கணக்கில் வைத்தால் வினாடிக்கு 97 ஜூல் வருகிறது. ஆக, நாம் ஒவ்வொருவரும் ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பு. ஆள் நிறைந்த அறை ஏன் அப்படிப் புழுங்குகிறது என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம்.

வெப்பமும் வேலையும் ஒரே நாணயத்தில் எண்ணக்கூடியவை என்று அளந்து காட்டியவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். 1840களில் அவர் அமைத்த கருவியில் எடைக்கற்கள் மெல்லக் கீழிறங்கும். அந்த இறக்கம் தண்ணீருக்குள் இருக்கும் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றும். தண்ணீர் துளியளவு சூடாகும். அந்தத் துளியளவை அளந்ததில்தான் அவருடைய திறமை இருக்கிறது. 160 அடி விழும் நயாகரா, விழுந்த இடத்தில் ஃபாரன்ஹீட் கணக்கில் ஐந்தில் ஒரு டிகிரி கூடுதல் சூடாக இருக்க வேண்டும் என்று 1845ல் எழுதினார். அவ்வளவு பெரிய அருவி விழுந்தும் அவ்வளவுதான் சூடு. மேலே போட்ட 34 கிலோமீட்டர் கணக்கைத் தலைகீழாகப் பார்த்தால் இதுதான்.

“ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது” என்று எல்லோரும் ஒப்பிப்போம், அடுத்த நிமிடமே “பேட்டரி தீர்ந்துவிட்டது” என்போம். இரண்டும் சரிதான். தீர்வது ஜூல் அல்ல, ஓரிடத்தில் குவிந்திருந்த நிலை. கொதித்த தண்ணீர் ஆறும்போது அதன் 3,35,000 ஜூலும் அறைக்காற்றிலும் சுவரிலும் அப்படியே இருக்கிறது. திரும்பக் கூட்டிச் சேர்க்க வழியில்லாமல் சிதறிக் கிடக்கிறது, அவ்வளவே.

“கரண்ட் வருகிறது” என்றால் எது வருகிறது?

ஒரு பேட்டரி, ஒரு சிறு பல்பு, இரண்டு அம்மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பல்புக்கு முன்னால் ஒரு அம்மீட்டர், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பது 0.30 ஆம்பியர் காட்டுகிறது. பின்னால் இருப்பது என்ன காட்டும்? முதன்முறை பார்ப்பவர்கள் “கொஞ்சம் குறைவாக” என்றே சொல்வார்கள்; பல்பு எரிந்திருக்கிறதே, கொஞ்சமாவது செலவாகியிருக்க வேண்டாமா? அங்கேயும் 0.30தான். மின்னோட்டம் செலவாவதே இல்லை. பேட்டரியிலிருந்து கிளம்பிய அளவு எலக்ட்ரான் திரும்ப வந்து சேர்கிறது.

எலக்ட்ரான்கள் பறந்துகொண்டு வருவதும் இல்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செம்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடினால், எலக்ட்ரான்கள் முன்னேறும் சராசரி வேகம் மணிக்குக் கால் மீட்டர்தான். நத்தை முந்திவிடும். அப்புறம் எப்படி சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிகிறது? சைக்கிள் சங்கிலியை நினைத்துக்கொள்ளுங்கள். பெடலை மிதித்த கணமே பின்சக்கரம் திரும்புகிறது. பெடலருகே இருந்த கண்ணி பின்சக்கரத்துக்குப் போய்ச் சேரும் வரை யாரும் காத்திருப்பதில்லை. சங்கிலி செலவாவதில்லை, சுற்றிச் சுற்றி வருகிறது. கைமாறுவது ஆற்றல் மட்டும். கம்பி முழுக்க ஏற்கெனவே எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கின்றன. சுவிட்ச் போட்டதும் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் போவது அவற்றைத் தள்ளும் மின்புலம்.

மாறுதிசை மின்னோட்டத்தில் எலக்ட்ரான் எங்கும் போவதுகூட இல்லை. வினாடிக்கு 50 அல்லது 60 முறை முன்னும் பின்னும் நடுங்கிக்கொண்டு கிடக்கிறது. ரம்பமும் அப்படித்தானே, போய்ப் போய் வருகிறது, இருந்த இடத்திலேயே இருக்கிறது, மரம் மட்டும் அறுபடுகிறது.

இப்போது வோல்ட்டுக்கு வருவோம். “220 வோல்ட் பாய்ந்தது” என்று செய்தியில் எழுதுகிறார்கள். வோல்ட் பாயாது. ஒரு கூலும் மின்னூட்டம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது எத்தனை ஜூல் கைமாறும் என்பதே வோல்ட். மலையின் உயரம் போல. உயரம் ஓடாது, உயரத்திலிருந்து தண்ணீர் ஓடும். வினாடிக்கு எத்தனை கூலும் ஓடுகிறது என்பது ஆம்பியர். ஒரு கூலும் என்பது ஒரு குட்டி எண் அல்ல, ஏறத்தாழ 6 போட்டு அதன் பின்னால் 18 சுழியம் எழுதினால் வரும் எண்ணிக்கையில் எலக்ட்ரான்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை ஜூல் என்று வருகிறது, அதாவது வாட். 230 வோல்ட்டில் 2,000 வாட் கெட்டில் 8.7 ஆம்பியர் இழுப்பது இந்தக் கணக்கில்தான். மீட்டரில் ஓடும் “யூனிட்” மின்னோட்டமும் இல்லை, மின்னழுத்தமும் இல்லை. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல், சுத்தமான ஆற்றல்.

தொலைதூரக் கம்பிகளில் லட்சக்கணக்கான வோல்ட் வைப்பதும் இதே பெருக்கலை வைத்துத்தான். கம்பியைச் சூடாக்கி வீணாக்குவது மின்னோட்டம், அதுவும் வர்க்கக் கணக்கில். வோல்ட்டைப் பத்து மடங்கு ஏற்றினால் அதே ஆற்றலை அனுப்பப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும், இழப்பு நூற்றில் ஒன்றாகிவிடும்.

பேட்டரிக்கு ஏன் 1.5 வோல்ட்?

பள்ளியில் யாரும் கேட்காத கேள்வி, கேட்டிருக்க வேண்டிய கேள்வி. டார்ச் செல் 1.5 வோல்ட், காரில் இருக்கும் ஈய-அமில செல் ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட், போனில் இருக்கும் லித்தியம் செல் 3.7 வோல்ட் அளவில். ஏன் 300 வோல்ட்டில் ஒரு தனிச் செல் கிடையாது?

பதில் அணுவுக்குள் இருக்கிறது. ஒரு எலக்ட்ரான் ஒரு வோல்ட் மேட்டில் இறங்கும்போது கிடைக்கும் ஆற்றலுக்கு எலக்ட்ரான்-வோல்ட் என்று பெயர். ஜூலில் சொன்னால் தசமப்புள்ளிக்குப் பின் 18 சுழியம் தாண்டிய பிறகு 16 என்று தொடங்கும் எண், கைக்கு அடங்காது. அணுக்களுக்கு இதுதான் வசதியான காசு. அணுவின் வெளிவட்டத்தில் இருக்கும் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்திருப்பது சில எலக்ட்ரான்-வோல்ட் அளவிலான கட்டு. வேதிவினை என்பது அந்த வெளிவட்ட எலக்ட்ரான்கள் இடம் மாறுவது மட்டுமே. ஒரு கார்பன் அணு முழுதாக எரிந்து கார்பன்-டை-ஆக்ஸைடு ஆகும்போது சுமார் 4 எலக்ட்ரான்-வோல்ட் வெளிவருகிறது. ஆகவே வேதிவினையில் ஓடும் எந்தச் செல்லும் எலக்ட்ரானுக்குச் சில எலக்ட்ரான்-வோல்ட்டுக்கு மேல் தர முடியாது, அதாவது சில வோல்ட். 12 வோல்ட் வேண்டுமென்றால் செல்களை அடுக்க வேண்டியதுதான். செல்லின் மேல் அச்சடித்திருக்கும் எண் ஒருவகையில் அணுவின் வெளிவட்டத்தைப் பற்றிய தகவல்.

இந்த அளவை மனதில் வையுங்கள்: அணுவின் வெளிப்புறம் என்றால் சில எலக்ட்ரான்-வோல்ட்.

நான்கு பாடமும் ஒரே மேசையில்

பாடநூலில் அணு அமைப்பு முதலில் வரும், கதிரியக்கம் பிறகு வரும். வரலாறு நேர்மாறு. ஹென்றி பெக்கரல் 1896ல் பாரிஸில் யுரேனிய உப்பை வெயிலில் வைத்துச் சோதிக்க நினைத்தார். வானம் மூடிக்கிடந்ததால், கறுப்புத் தாள் சுற்றிய புகைப்படத் தகட்டோடு சேர்த்து அதை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். பிறகு தகட்டைக் கழுவிப் பார்த்தால், வெயிலே படாமல் உப்பின் நிழல் அழுத்தமாக விழுந்திருந்தது. அப்போது எலக்ட்ரானைக்கூட யாரும் அறியவில்லை. தாம்சன் அதைக் கண்டது 1897ல். கியூரி தம்பதி பொலோனியத்தையும் ரேடியத்தையும் 1898ல் அறிவித்தார்கள். அணுக்கரு என்ற எண்ணமே 1911ல்தான். அணுவைத் தெரிந்துகொண்டு யாரும் கதிரியக்கத்துக்குப் போகவில்லை; கதிரியக்கத்தைக் கருவியாக வைத்துத்தான் அணுவுக்குள் நுழைந்தார்கள்.

நுழைந்த சோதனை ரதர்ஃபோர்டின் மான்செஸ்டர் ஆய்வகத்தில் நடந்தது. 1909ல் ஹான்ஸ் கைகரும் எர்னஸ்ட் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகள்மீது ஆல்ஃபா துகள்களை ஏவினார்கள். ஆல்ஃபா என்பது இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான் கொண்ட கட்டி என்று இன்று சொல்கிறோம். அன்று அவர்களுக்கு அது நேர்மின்னூட்டம் கொண்ட வேகமான ஒரு ஹீலியம் அணு, அவ்வளவுதான். நியூட்ரானை சாட்விக் கண்டுபிடிக்க 1932 வரை காத்திருக்க வேண்டும். ஏவியதில் பெரும்பாலானவை தகடே இல்லாததுபோல் போய்விட்டன. பிளாட்டினத்தில் ஏறக்குறைய 8,000க்கு ஒன்று திரும்பி வந்தது.

திரும்பி வந்த அந்த ஒன்றை நம் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ரேடியம் சிதைந்து அடுத்தடுத்து உருவாகும் அணுக்களில் ஒன்றிலிருந்து ஓர் ஆல்ஃபா 77 லட்சம் எலக்ட்ரான்-வோல்ட் இயக்க ஆற்றலோடு கிளம்புகிறது. எதிரே தங்கத்தின் அணுக்கரு, 79 புரோட்டான்களின் நேர்மின்னூட்டம். நேரும் நேரும் விலக்கும். நெருங்க நெருங்க ஆல்ஃபா மேடேறுகிறது, வேகம் குறைகிறது, இயக்க ஆற்றல் மின் நிலை ஆற்றலாக மாறுகிறது. ஒரு புள்ளியில் வேகம் சுழியம். கையிலிருந்த 77 லட்சமும் மேடேறுவதில் போய்விட்டது. மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்குமே, அதே கணம். பிறகு வந்த வழியே உருண்டு திரும்புகிறது.

அந்த உச்சி எங்கே இருக்கிறது என்பதைப் பள்ளி இயற்பியலிலேயே கணக்கிடலாம்: அணுக்கருவின் மையத்திலிருந்து ஒரு மீட்டரை லட்சம் கோடியால் வகுத்து, அதில் நூற்றில் மூன்று பங்கு. அவ்வளவு பக்கத்தில் போன பிறகும் ஆல்ஃபா முட்டாமல் மின்விலக்கத்தால்தான் திரும்பியது என்றால், 79 புரோட்டான்களின் மின்னூட்டமும் அதற்கும் குறைவான இடத்தில் அடைந்திருக்க வேண்டும். தங்க அணுவை 100 மீட்டர் அகல மைதானமாக ஊதிப் பெரிதாக்கினால், ஏறக்குறைய மொத்த எடையும் நடுவில் அரை சென்டிமீட்டர் உருண்டையில். ஆற்றல் அழியாமை, மின்னழுத்தம், அணு, கதிரியக்கம், நான்கும் இந்த ஒரு சோதனையில் இருக்கின்றன. பாடத்திட்டம் எழுதுவது என் கையில் இருந்தால் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

லட்சங்கள் எங்கிருந்து வந்தன?

வேதிவினைக்கு 4, ஆல்ஃபாவுக்கு 77 லட்சம். இந்த இடைவெளியைப் பார்த்தவுடன் ஒன்று புரிந்துவிட வேண்டும்: ஆல்ஃபா வந்தது அணுவின் வெளிவட்டத்திலிருந்து இல்லை. புரோட்டான்கள் ஒன்றையொன்று மூர்க்கமாக விலக்குகின்றன. அவற்றைக் கட்டிவைத்திருக்கும் அணுக்கரு விசை அதைவிட வலியது, ஆனால் பக்கத்து வீட்டுக்கு மேல் எட்டாது. மின்விலக்கமோ அணுக்கரு முழுக்க எட்டும். கரு பெரிதாகப் பெரிதாக விலக்கம் கை ஓங்குகிறது. 82 புரோட்டான் கொண்ட ஈயத்தைத் தாண்டினால் முழுமையாக நிலைத்த தனிமமே கிடையாது.

யுரேனியத்தைக் காய்ச்சினாலும், உறைய வைத்தாலும், அமிலத்தில் கரைத்தாலும் அதன் கதிரியக்கம் மாறாததற்கும் இதுவே காரணம். நெருப்பும் அமிலமும் எலக்ட்ரான்-வோல்ட் உலகத்துச் சங்கதி. லட்சங்களில் பேரம் நடக்கும் இடத்தில் அந்தச் சில்லறை செல்லாது.

1903ல் பியர் கியூரியும் ஆல்பர்ட் லபோர்டும் ரேடியம் தானாகவே சூடாக இருப்பதை அளந்தார்கள். தன் எடைக்குச் சமமான பனிக்கட்டியை ஒரு மணி நேரத்தில் உருக்கும் அளவுக்குச் சூடு, அடுத்த மணி நேரமும் அதே சூடு, குறைவதாகவே தெரியவில்லை. ஆற்றல் அழியாமையே ஆட்டம் கண்டுவிட்டதோ என்று தோன்ற வைத்த அளவீடு அது. 1905ல் ஐன்ஸ்டைன் காட்டிய நிறை-ஆற்றல் சமன்பாட்டில் பதில் இருந்தது: சிதைவுக்குப் பிறகு மிஞ்சும் துண்டுகளின் மொத்த நிறை, சிதையாத அணுவின் நிறையைவிட ஒரு துளி குறைவு.

பீட்டா சிதைவு இதைவிடச் சங்கடம் கொடுத்தது. கருவுக்குள் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி ஒரு எலக்ட்ரான் வெளியேறுகிறது. கார்பன்-14 நைட்ரஜன்-14 ஆவது இப்படித்தான். ஆனால் வெளியே வரும் எலக்ட்ரான்களிடம் இருக்க வேண்டிய ஆற்றல் இல்லை, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு குறைகிறது. நீல்ஸ் போர் போன்றவரே ஆற்றல் அழியாமையைக் கைவிடலாமா என்று யோசித்தார். வுல்ஃப்காங் பவுலி 1930ல் வேறு வழி சொன்னார்: கணக்கு சரி, கண்ணுக்குச் சிக்காத ஒரு துகள் மிச்சத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த நியூட்ரினோ பிடிபட்டது 1956ல். ஜூல் கணக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காகவே ஒரு துகளைக் கருதி, 26 ஆண்டு கழித்து அதைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள்.

எப்போது சிதையும்?

100 நாணயங்களைக் குலுக்கிப் போட்டு, தலை விழுந்தவற்றை எடுத்துவிடுங்கள். மிச்சத்தை மீண்டும் குலுக்குங்கள். 53, 24, 13, 5 என்று ஏதோ ஒரு வரிசை வரும். எந்த நாணயம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, ஆனால் கூட்டம் பாதி பாதியாகக் குறைவது தப்பாது. அப்படிக் கூட்டம் பாதியாவதற்கு ஆகும் நேரமே அரை ஆயுட்காலம். இதில் பெரும்பாலோர் தவறவிடும் ஒன்று உண்டு: நான்கு குலுக்கல் தப்பிய நாணயத்துக்கு ஐந்தாவதில் கூடுதல் ஆபத்து எதுவும் இல்லை. அணுவுக்கு வயதாவதில்லை.

அரை ஆயுள் நீளமாக இருந்தால் ஆபத்தும் அதிகம் என்ற பயமும் பாதித் தவறு. யுரேனியம்-238க்கு 447 கோடி ஆண்டுகள், ரேடியம்-226க்கு 1,600 ஆண்டுகள். ஒரு கிராம் யுரேனியத்தில் வினாடிக்குச் சுமார் 12,400 அணுக்கள் சிதைகின்றன, ஒரு கிராம் ரேடியத்தில் 3,700 கோடி. விரைவில் தீர்ந்துபோவதுதான் ஆக்ரோஷமாகக் கொட்டுகிறது, நீண்டநாள் நிலைப்பது சொட்டுச் சொட்டாகத் தருகிறது. நம் உடலில் பொட்டாசியம்-40 மட்டுமே வினாடிக்கு 4,000 முறைக்கு மேல் சிதைந்துகொண்டிருக்கிறது.

ரேடியத்தின் ஓர் ஆல்ஃபா 48 லட்சம் எலக்ட்ரான்-வோல்ட்டோடு கிளம்பி, காற்றில் மூன்று நான்கு சென்டிமீட்டருக்குள் எல்லாவற்றையும் செலவழித்து நின்றுவிடுகிறது. அந்தச் சிறு தூரத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறிகிறது. வெளியிலிருந்து வந்தால் ஒரு தாள் தடுக்கும், தோலின் இறந்த மேலடுக்கே தடுக்கும். மூச்சிலோ வாயிலோ உள்ளே போய்விட்டால் அந்த 48 லட்சமும் உயிருள்ள திசுவின் சில செல் தடிமனுக்குள் கொட்டுகிறது. கதிர் பட்டுக் கடந்த பொருள் பொதுவாகக் கதிரியக்கம் கொள்வதில்லை, எக்ஸ்-கதிர் எடுத்துவிட்டு வருபவர் கதிர் வீசாததுபோல. பயப்பட வேண்டியது ஒட்டிக்கொண்டு கூடவே வரும் தூசிக்கு.

சில வகைப் புகை உணர்விகள் இந்தப் பிடுங்கலை வைத்தே வேலை செய்கின்றன. அரை ஆயுள் 432 ஆண்டுள்ள அமெரிசியம்-241 ஒரு துளி, இரண்டு சிறு தகடுகளுக்கு நடுவே. அதன் ஆல்ஃபா காற்றை அயனியாக்க, அந்தக் காற்று வழியே மிகச் சிறிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். புகை நுழைந்தால் அயனிகள் புகைத்துகளில் ஒட்டிக்கொள்ளும், மின்னோட்டம் குறையும், அலாரம் அலறும்.

மறுபடி கெட்டில்

1938 இறுதியில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியம் உடைவதற்கான சான்றைக் கண்டார்கள். ஓர் உடைவுக்கு 20 கோடி எலக்ட்ரான்-வோல்ட் கிடைக்கும் என்று மைட்னரும் ஃபிரிஷும் கணக்கிட்டார்கள். நிலக்கரியில் ஒரு கார்பன் அணுவுக்கு 4. அணு உலை என்றதும் ஏதோ மாயாஜாலம் என்று நினைப்பவர்களுக்கு அதன் உள்ளடக்கம் ஏமாற்றமாக இருக்கும்: அந்த வெப்பத்தில் தண்ணீரைக் காய்ச்சுகிறார்கள், நீராவி டர்பைனைச் சுற்றுகிறது, 1831ல் ஃபாரடே கண்ட விதிப்படி காந்தப்புலத்தில் சுருள் மின்சாரம் தருகிறது, அந்த மின்சாரத்தில் நாம் மறுபடியும் தண்ணீரைக் காய்ச்சுகிறோம்.

நம் ஒரு லிட்டருக்கு 3,35,000 ஜூல். நிலையத்தில் மூன்றில் ஒரு பங்கு வெப்பம்தான் மின்சாரமாகும் என்று வைத்தால் அங்கே சுமார் 10 லட்சம் ஜூல் வேண்டும். கிலோவுக்கு இரண்டரைக் கோடி ஜூல் தரும் நிலக்கரி என்றால் 40 கிராம், ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். யுரேனியம்-235 என்றால் ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டு அதில் 12 பங்கு, கண்ணுக்குச் சிரமப்பட்டுத் தெரியும் ஒரு புள்ளி. அதற்குள் உடைந்த அணுக்கள் சுமார் 300 கோடி கோடி. மின்சாரமாகாத மூன்றில் இரண்டு பங்கு ஜூல் குளிர்விக்கும் நீரோடு வெளியே போகிறது, கெட்டிலுக்கு வந்த மூன்றில் ஒன்று தண்ணீர் ஆறியதும் அறைக்காற்றுக்குப் போகிறது.